மடை வாய் பதினான்கு அங்குலம் ஏறிவிட்டது: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

எங்கள் கண்மாய்க் கரையில் ஒரு தகரப் பலகை நிற்கிறது. நீலப் பின்னணி, வெள்ளை எழுத்து. பணியின் பெயர், மதிப்பீடு 18 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய், தொடங்கிய தேதி, முடிந்த தேதி எல்லாம் இருக்கின்றன. கடைசி வரி இது: 'மக்கள் பங்கேற்புடன் நிறைவேற்றப்பட்டது.'

அந்த வேலை முடிந்து வந்த முதல் பருவத்திலேயே, கண்மாய்க்குள் முழங்கால் அளவு தண்ணீர் கிடக்க, வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடையில் 13 ஏக்கர் நெல் காய்ந்து போனது. மனு கொடுத்தோம். பதில் வருவதற்குள் இரண்டாம் கட்ட வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வந்துவிட்டது. ஒன்பது கண்மாய்களை ஒரே தொகுப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். எங்களுடையது அதில் நான்காவது. மிகுதித் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கை ஒரு அடி உயர்த்துவதும், கரைமேல் தளக்கல் பதித்து நடைபாதை போடுவதும் வேலை என்று எழுதியிருக்கிறது. இதைப் பற்றி ஊரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் முதலில் மாட்டுவது ஊராட்சியின் கடைநிலை ஊழியர்தான். அவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. மனு எண் உங்கள் அலுவலகக் கணினியில் இருக்கிறது. எனக்குக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நிலம். மகளிர் குழுவுக்குப் பதினாறு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். பாசனதாரர் கூட்டத்திலும் குறிப்பு எழுதுவது நான்தான், காரணம் என் கையெழுத்து புரியும்.

முதலில் அந்தப் 'பங்கேற்பு' எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

சென்ற ஆண்டு மே 1, கிராம சபை. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் சாமியானா. எங்கள் ஊராட்சியின் மக்கள்தொகை 1,900 சொச்சம். 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சியில் கிராம சபைக்கு 100 பேர் வந்திருக்க வேண்டும் என்பது விதி. நான் எண்ணினேன், 46 பேர். பதிவேட்டில் 131 கையெழுத்து. நூறு நாள் வேலைக்கு வந்த பெண்களை வேலைத்தளத்திலேயே நோட்டில் கையெழுத்து போடச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் பலர் அதை வருகைப் பதிவு என்று நினைத்தார்கள். தீர்மானங்கள் முன்கூட்டியே டைப் அடித்து வந்திருந்தன. ஒருவர் வேகமாக வாசித்துக்கொண்டே போனார். பதினேழாவது தீர்மானமோ பதினெட்டாவதோ, 'கண்மாய் மராமத்துப் பணிக்கு இச்சபை ஒப்புதல் அளிக்கிறது.' என்ன மராமத்து, எந்த மடை, எவ்வளவு ஆழம் என்று ஒன்றும் இல்லை. பின்னாலிருந்து ஒரு சித்தப்பா எழுந்து, "வரத்துக்கால வெட்டுவீங்களா?" என்று கேட்டார். "அதெல்லாம் எஸ்டிமேட்ல இருக்கும், உக்காருங்க" என்றார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

எஸ்டிமேட்டில் அது இல்லை. மூன்று கிலோமீட்டர் வரத்துக்கால், இரண்டு இடத்தில் தூர்ந்து, முழுக்கச் சீமைக் கருவேல் மண்டிக் கிடக்கிறது. கண்மாய்க்குத் தண்ணீர் வருவதே அது வழியாகத்தான். ஆனால் எஸ்டிமேட் போட வந்தவர்கள் கரையில் ஜீப் போகிற தூரம் வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள். வரத்துக்கால் ஓரமாக ஜீப் போகாது.

ஆடி மாதம் ஜேசிபி வந்தது. பதினொரு நாள் வேலை. டிப்பர் ஏறி இறங்கத் தோதான மேட்டுப் பக்கம் இரண்டு பெரிய பள்ளம், கரையை ஒட்டி ஒன்று. கரையடியில் தோண்டினால் கரை சரியும் என்று மாடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். சொன்னோம். "படத்துல இப்படித்தான் இருக்கு" என்றார் வேலை பார்த்தவர். படத்தைக் காட்டச் சொன்னோம். படம் ஆபீஸில் இருக்கிறது என்றார்.

வெட்டிய மண் எங்கே போனது என்பது தனிக்கதை. அதை இங்கே விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: விவசாயி தன் வயலுக்கு வண்டல் அடிக்க வேண்டுமென்றால் தாசில்தாரிடம் அனுமதி வாங்க வேண்டும், நஞ்சை ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 என்று அளவு இருக்கிறது. அப்படி விண்ணப்பம் எழுதிக்கொண்டு நாங்கள் ஆறு பேர் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பதினொரு நாளும் டிப்பர் ஓடியது.

அப்புறம் மடை, கண்மாய்த் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற வாசல்.

பழைய நடுமடை கல்மடை. என் மாமனார் காலத்துக்கும் முந்தியது. கதவு ஒழுகியது உண்மை. மாற்ற வேண்டும் என்று நாங்களே பல தடவை எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதை இடித்துவிட்டு கான்கிரீட்டில் புதிது கட்டினார்கள். இரும்பு ஷட்டர், பச்சை பெயின்ட், திருகுகிற சக்கரம், பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. பழைய மடையோரம் ஒரு ஆளுயரக் கல் நட்டிருந்தது. அதில் உளியால் கொத்திய கோடுகள். எந்தக் கோட்டில் தண்ணீர் நின்றால் எத்தனை நாளைக்குப் பாயும், எப்போது முறை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான். அந்தக் கல்லை உடைத்துக் கரைச்சரிவில் பாவுகல்லாகப் போட்டுவிட்டார்கள். ஒரு துண்டில் இரண்டு கோடு இன்றைக்கும் தெரிகிறது. வந்தால் காட்டுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. வரத்துக்கால் அடைத்திருந்தும், நேரே பெய்த மழையில் கண்மாய் முக்கால்வாசி நிறைந்தது. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். பொங்கல் கழிந்து பயிர் பால் பிடிக்கிற நேரம். மேல்மடைக்குப் பிரச்சினை இல்லை. கடைமடைக்கு இன்னும் இரண்டே தண்ணி விட்டால் போதும், கதிர் முற்றிவிடும். ஒருநாள் காலையில் மடையைத் திறந்து மூடுகிற நீர்பாய்ச்சி அய்யா சக்கரத்தை முழுசாகத் திருகித் திறந்தார். தண்ணீர் வரவில்லை. கண்மாயில் தண்ணீர் இல்லாமல் இல்லை. கொக்கு நிற்கிறது, மீன் துள்ளுகிறது, பையன்கள் குளிக்கிறார்கள். மடைக்குள் மட்டும் ஈரமே இல்லை.

அவர் இறங்கிப் போய்த் தன் கம்பை ஊன்றிப் பார்த்தார். அந்தக் கம்பில் அவரே வெட்டிய அடையாளங்கள் இருக்கின்றன, பழைய மடை வாயின் மட்டம் உட்பட. திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "மடை வாய் ஏறிப்போச்சு தாயி." நான் டேப் எடுத்துப் போனேன். பதினான்கு அங்குலம்.

மாவட்ட ஆட்சியர் அவர்களே, கண்மாய்ப் பாசனம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் உங்களுக்கு வருகிற அறிக்கையில் 'கொள்ளளவு அதிகரிப்பு' என்று மட்டும் இருக்கும் என்பதால் சொல்கிறேன். கண்மாய்த் தண்ணீர் மோட்டார் இல்லாமல் தானாக வயலுக்குப் பாய்வது. மடை வாய்க்கு மேலே நிற்கிற தண்ணீர்தான் வெளியே வரும். அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அது மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் உதவலாம், வாய்க்காலில் வராது. இவர்கள் கீழே தோண்டினார்கள், வாயை மேலே ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் நாங்கள்தான் இழந்தோம். கன மீட்டர் கணக்கில் பார்த்தால் கண்மாய் பெரிதாகிவிட்டது.

டீசல் இன்ஜின் மூன்று வாடகைக்குப் பிடித்து, கண்மாய்த் தண்ணீரை அள்ளி வாய்க்காலில் ஊற்றினோம். மணிக்கு 300 ரூபாய் வாடகை, டீசல் தனி. 22 ஏக்கரில் 9 ஏக்கரைக் காப்பாற்ற முடிந்தது. என்னுடையது அந்த ஒன்பதில் வந்தது, 7,400 ரூபாய் செலவில். அந்தப் பணம் குழுவில் வாங்கிய கடன். மீதி 13 ஏக்கரில் ஆடு மேய்ந்தது. அதில் நான்கு ஏக்கர் குத்தகைக்கு உழுத பெண்களுடையது. பட்டா இல்லாததால் நிவாரணப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வராது.

திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று மனு கொடுத்தேன். கம்பு, டேப், போட்டோ எல்லாம் வைத்துத்தான். நாற்பது நாள் கழித்து வந்த பதில்: 'மேற்படி பணி கிராம சபைத் தீர்மானத்தின் அடிப்படையில் பயனாளிகளுடன் கலந்தாலோசித்து மேற்கொள்ளப்பட்டது. எனவே மனு முடிக்கப்படுகிறது.' அதாவது 131 கையெழுத்து இருக்கிறது, அதனால் மடை சரியாகத்தான் இருக்க வேண்டும்.

என் குறை முழுவதும் இந்த இடத்தில்தான். எங்களிடமிருந்து உங்களுக்கு வேண்டியிருந்தது கையெழுத்து. நாங்கள் கொடுக்க வைத்திருந்தது வேறு. நடுமடைக்கு வாய் எந்த மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது அந்தக் கிராம சபை நடந்த இடத்திலிருந்து இருநூறு அடி தூரத்தில் குடியிருக்கிற ஒருவருக்கு அங்குல சுத்தமாகத் தெரியும். அவரிடம் கேட்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். பணம் காசு ஒன்றும் ஆகாது.

இதில் எங்கள் ஊரின் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். நீர்பாய்ச்சி அய்யா காலனித் தெருவைச் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதே வேலைதான். கண்மாய் பற்றி ஊரில் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர். ஆனால் கோயில் வாசலில் நடக்கிற ஊர்க்கூட்டத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஓரமாக நிற்பார், கேட்டால் மட்டும் பதில் சொல்வார். பெண்கள் அந்தக் கூட்டத்துக்கே போவதில்லை. 'அந்தக் காலத்தில் ஊரே சேர்ந்து கண்மாயைக் காப்பாற்றியது' என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. குடிமராமத்து என்றால் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போவது என்று என் அப்பத்தா சொல்வாள். யார் வெட்டினார்கள், யார் குடை பிடித்து நின்று வேலை வாங்கினார்கள் என்றும் சேர்த்தே சொல்வாள். அந்த வழக்கம் தேய்ந்தபோது 1858ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் கட்டாய உழைப்புச் சட்டம் என்றே பெயர் வைத்துச் சட்டம் போட்டான். கண்மாய்க்கென்று ஊர் வைத்திருந்த மானியங்களையும் வருமானத்தையும் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, வேலையை மட்டும் ஊர் தொடர்ந்து செய்ய வேண்டும் என்றால் யார் செய்வார்கள்?

உத்திரமேரூர் கல்வெட்டைப் பற்றியும் அதிகாரிகள் அடிக்கடிப் பேசுகிறார்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. ஏரி வாரியம் என்று தனி வாரியம், குடவோலையில் தேர்வு. பெருமைதான். ஆனால் பொதுவாகக் கால் வேலிக்கு மேல் நிலம் உள்ளவர்தான் அதில் நிற்க முடியும். அது அந்தணர் சபை. என் பெயரும் நீர்பாய்ச்சி அய்யா பெயரும் அந்தக் குடத்துக்குள் விழுந்திருக்காது. அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் எடுத்துக்கொள்ளத் தக்க ஒரு விதி உண்டு: முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவுக்காரர்களும் நிற்கக் கூடாது. மேடைப் பேச்சில் இந்தப் பகுதி வருவதில்லை.

அதனால்தான் எனக்குக் கிராம சபை முக்கியமாகப் படுகிறது. 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் கிராம சபை உறுப்பினர். கோயில் வாசலில் நிற்கிற மனிதர் வேப்பமரத்தடியில் உட்காரலாம், பேசலாம், சட்டப்படி. ஊர் தராத இடத்தைச் சட்டம் தந்தது. அதைத்தான் நீங்கள் டைப் அடித்த தாளாக்கி வைத்திருக்கிறீர்கள். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டத்தை 2022ல் ஆறாக்கினார்கள், மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தையும் நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தையும் சேர்த்து. கூட்டம் ஆறு ஆனதால் டைப் அடிக்கிற தாளும் ஆறு தடவை ஆயிற்று.

இத்தனைக்கும் இப்போது எங்களுக்குத் தலைவர் கிடையாது, வார்டு உறுப்பினர் கிடையாது. 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. அதற்குப் பிறகு தனி அலுவலர். இதற்கு முன்னும் 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது. தலைவர் நல்லவரோ கெட்டவரோ, மடையில் தண்ணீர் வரவில்லை என்றால் அவர் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். தனி அலுவலருக்குப் பல ஊராட்சி. அவரை எங்கே போய்ப் பிடிப்பது? இந்த நிலையில் கிராம சபை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம் இருக்கிற வாய்.

மக்களிடம் விட்டால் வேலை நடக்காது, சண்டைதான் நடக்கும் என்று ஒரு அதிகாரி என்னிடம் நேரிலேயே சொன்னார். சண்டை நடக்கும், சத்தியம். ஆனால் வேலையும் நடந்திருக்கிறது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம், 1992ல் தொடங்கியது, கண்மாய் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து வேலை செய்கிறது. பாசனக்காரர்களே கூடி, பங்குத்தொகை போட்டு, வேலையைத் தீர்மானிக்கிற முறை. 1996ல் கேரளத்தில் திட்டப் பணத்தில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்கே கொடுத்து, கிராம சபையில் உட்கார்ந்து முன்னுரிமையை முடிவு செய்யச் சொன்னார்கள்; குறைகள் இருந்தன, ஆனால் மாநிலம் கவிழ்ந்துவிடவில்லை. அவ்வளவு தூரம் எதற்கு? 1989ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழு முறைதான் இன்று எங்கள் தெரு வரை வந்திருக்கிறது. யாருக்குக் கடன், எவ்வளவு, எப்போது திரும்பக் கட்ட வேண்டும் என்று பன்னிரண்டு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறோம். பதினாறு வருடத்தில் எங்கள் குழுவில் ஒரு தவணை தவறியதில்லை. கணக்கு நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. லட்ச ரூபாய்க் கடனுக்கு எங்களை நம்புகிற அரசு, மடை வாய் மட்டத்துக்கு நம்பாதா?

2017ல் குடிமராமத்து என்ற பெயரை அரசு மறுபடி கொண்டுவந்தபோது, 100 கோடியில் 1,519 வேலை, பாசனதாரர் பங்கு 10 சதவீதம் என்றார்கள். பக்கத்து ஊர்ப் பெரிய கண்மாயில் அந்த வேலை நடந்தது. சங்கத்தின் பெயரில் கணக்கு, வேலை வேறு ஒருவருடையது. பத்து சதவீதத்தை யார் கட்டினார்கள் என்று சங்கத்துக்காரர்களுக்கே தெரியாது. நல்ல வார்த்தைகள் இப்படித்தான் எங்களிடம் வந்து சேருகின்றன.

இப்போது கலுங்கு. அவசரம் இதில்தான்.

எங்கள் கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கல் நட்டிருக்கிறது. மழைக்காலம் முழுவதும் கல்லுக்கு நடுவே திறந்தே இருக்கும். வெள்ளம் வந்தால் தண்ணீர் அப்படியே கீழ்க்கண்மாய்க்குப் போய்விடும். கார்த்திகை கடைசியில், இனிப் பெருமழை இல்லை என்று தெரிந்த பிறகு, கல் இடுக்கில் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைப்போம். ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நிற்கும். எதிர்பாராமல் மழை வந்தால் மண்வெட்டியால் வெட்டிவிட்டால் தீர்ந்தது. எப்போது அடைப்பது, எப்போது வெட்டுவது என்பதில் எங்களுக்கும் கீழூருக்கும் ஒரு பேச்சு உண்டு. இரண்டு ஊர்ப் பெரியவர்களும் வந்து நின்றுதான் அடைப்பார்கள். அதில் அடிதடி நடந்த வருடமும் உண்டு, நான் மறைக்கவில்லை. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக அந்தப் பேச்சு நிற்கிறது.

இதை இடித்து ஒரு அடி உயரக் கான்கிரீட் சுவர் வைத்தால் என்ன ஆகும்? ஐப்பசி வெள்ளத்தில் அந்த ஒரு அடியை வெட்டிவிட முடியாது. கண்மாயின் உள்பக்க ஓரமான உள்வாயில் பட்டா வைத்திருக்கிற பதினோரு குடும்பத்தின் நிலம் முங்கும். கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர் பிந்திப் போகும், சில வருடம் போகவே போகாது. கரையடியில் தோண்டிய பள்ளம் அப்படியே இருக்கிறது. அதன்மேல் கூடுதல் தண்ணீர் அழுத்தினால் கரை நிற்குமா என்று உங்கள் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். நடைபாதைத் தளக்கல் போட்டுவிட்டால், கரை உடைகிற நேரத்தில் மண் வெட்டி அடைக்க டிராக்டர் ஏறவும் வழி இருக்காது. நடைபாதையில் யார் நடக்கப் போகிறார்கள் என்று கேட்டால் எங்கள் ஊரில் சிரிக்கிறார்கள். நாள் முழுக்க வயலில் நடந்துவிட்டு வருகிறவர்கள் நாங்கள்.

இன்னொன்று, வருமானம். கண்மாய் மீன் குத்தகையும், உள்வாய்க் கருவேல் ஏலமும் ஒரு காலத்தில் ஊர்ப் பொதுவில் வந்தன. அதிலிருந்துதான் நீர்பாய்ச்சிக்குச் சம்பளம், மடைக்கு மராமத்து. இப்போது அந்தப் பணம் போகிற கணக்கில் எங்கள் கண்மாய்க்கு என்று ஒரு வரி கிடையாது. நீர்பாய்ச்சி அய்யாவுக்கு ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று நாங்கள் கொடுப்பது மட்டும்தான். இந்த வருடம் 13 ஏக்கரில் அதுவும் இல்லை. அவருடைய மகன் திருப்பூர் போய்விட்டான். அவரோடு அந்தக் கம்பும் போய்விடும்.

இனி நாங்கள் கேட்பது.

ஒன்பது கண்மாய்த் தொகுப்பு ஒப்பந்தத்திலிருந்து எங்கள் கண்மாயை உடனே விலக்கி வையுங்கள். கலுங்கை உயர்த்தும் வேலையைக் கைவிட வேண்டும். குறைந்தபட்சம் எங்கள் ஊர், கீழூர் இரண்டின் கிராம சபையிலும் பேசி முடிவாகும் வரை ஒரு கல்லையும் தொடக் கூடாது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி மாவட்டத்தின் ஊராட்சிகளுக்கு ஆய்வாளர் நீங்கள். இதைச் செய்ய உங்களுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் நடுமடை வாயைப் பழைய மட்டத்துக்கு இறக்கித் தர வேண்டும். அரசுச் செலவில் மறுபடி ஒரு மதிப்பீடு போடாமல், கட்டியவரின் பொறுப்பில். கரையடிப் பள்ளத்தை மூடி, இறுக்கித் தர வேண்டும். கண்மாய்க்கு இனி ஒரு ரூபாய் செலவழிப்பதானாலும் முதல் ரூபாய் வரத்துக்காலுக்கு.

சென்ற ஆண்டு மே 1 கிராம சபையின் வருகைப் பதிவேட்டை நேரில் வரவழைத்துப் பாருங்கள். 131 பேரில் எத்தனை பேர் வேப்பமரத்தடிக்கு வந்தார்கள் என்று விசாரியுங்கள். கையெழுத்துப் போட்ட பெண்களை மிரட்டாமல் விசாரிக்க வேண்டும். அவர்கள் மேல் தப்பு இல்லை.

இனி எந்தப் பொது வேலையானாலும், எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் ஊரோடு ஒரு நாள் கரையில் நடக்க வேண்டும் என்று உத்தரவு போடுங்கள். அந்த நடையில் நீர்பாய்ச்சி, கடைமடைக்காரர், உள்வாய்க்காரர், குத்தகைக்கு உழுகிற பெண்கள், கீழூர்க்காரர் எல்லோரும் இருக்க வேண்டும். அப்புறம் போடுகிற எஸ்டிமேட்டைத் தமிழில், படத்தோடு, கிராம சபைக்குப் பதினைந்து நாள் முன்பே ரேஷன் கடைச் சுவரில் ஒட்டுங்கள். தீர்மானத்தை அங்கேயே கையால் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகு கையெழுத்து வாங்குங்கள். குறிப்பு எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதுகிறேன்.

வேலை முடிந்ததும், செய்த வேலையின் அளவுகளை எழுதுகிற எம் புக்கைக் கிராம சபையில் வாசிக்காமல் கடைசி பில் போகக் கூடாது. இது நான் கண்டுபிடித்த யோசனை இல்லை. 2005ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சமூகத் தணிக்கை என்று இதைத்தான் எழுதி வைத்தது. மீன் குத்தகை, கருவேல் ஏலப் பணத்தில் ஒரு பங்கு அதே கண்மாயின் பராமரிப்புக்கும் நீர்பாய்ச்சியின் சம்பளத்துக்கும் திரும்பி வர வேண்டும்.

காய்ந்த 13 ஏக்கருக்கு இழப்பீடு, பட்டாதாரர் பெயரில் இல்லாமல் உழுதவர் பெயரில். எந்த நிலத்தை யார் உழுதார்கள் என்ற பட்டியல் தயாராக இருக்கிறது, ஊரில் நாற்பது பேர் சாட்சி கையெழுத்துப் போட்டது. இந்த நாற்பது பேரும் வாசித்துப் பார்த்துத்தான் போட்டார்கள்.

கரையில் நிற்கும் பலகையின் கடைசி வரியை, மடை சரியாகிற வரைக்குமாவது அழித்து வைக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒருமுறை நேரில் வர வேண்டும். புரட்டாசி பிறப்பதற்குள் வாருங்கள், அதற்குப் பிறகு விதைப்பு வேலை வந்துவிடும். வரும்போது மட்டம் பார்க்கிற கருவியோடு ஒரு பொறியாளரையும், அந்தப் படத்தையும் கொண்டுவரச் சொல்லுங்கள். காலை ஏழு மணி என்றால் வெயில் ஏறாது. ஜீப் கலுங்கு வரைக்கும்தான் போகும், அங்கிருந்து வரத்துக்கால் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டியிருக்கும். நீர்பாய்ச்சி அய்யா கம்போடு மடையில் இருப்பார்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருத்தி,
பாசனதாரர் கூட்டத்துக்காக.